தோப்பில் விழுந்த குழியும் சாக்கடல் ஓரத்துக் குழியும்

“நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. எல்லாம் பெங்களூரா மரங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வேறொருவரிடம் வாங்கிய நிலம். போன மாதம் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், தோப்பின் கீழ்க்கோடியில், பழைய கவலைக் கல் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு குழி விழுந்திருக்கிறது. ஐந்தடி அகலம் இருக்கும். கல்லைப் போட்டால் சத்தம் தாமதித்துத்தான் வருகிறது. அதே வாரம் என் மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். சாக்கடல் ஓரத்தில் பேரீச்சந்தோப்பும் ரோடும் மண்ணுக்குள் இறங்குகின்றன. ஆயிரம் அடி போர் போட்டு உறிஞ்சினால் நமக்கும் இதே கதிதான் என்று அதில் சொல்கிறார்கள். எங்கள் தோப்பிலும் போர் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் தோப்புப் பக்கம் போகவே பயப்படுகிறார்கள். நிலத்தை விற்றுவிடலாமா என்றுகூட யோசனை வருகிறது. இதுவும் அதே குழிதானா?”

– நாகரசம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இல்லை. சாக்கடல் ஓரத்தில் விழும் குழி வேறு, இந்தக் குழி வேறு. இதற்காக நிலத்தை விற்க வேண்டியதில்லை. அதே சமயம் இந்தக் குழியை லேசாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ‘கவலைக் கல்’ என்ற வார்த்தையில்தான் விடை இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

முதலில் வேலி

குழியின் வாய் ஐந்தடி என்றால் வயிறும் ஐந்தடிதான் என்று நினைக்கக் கூடாது. இப்படி விழும் குழிகள் பானை மாதிரி இருக்கும். வாய் குறுகல், உள்ளே அகலம். விளிம்பில் நிற்பவர் காலுக்குக் கீழே ஓரடி மண்தான் இருக்கிறது என்பது மேலே நின்று பார்த்தால் தெரியாது. ஆகவே எட்டிப் பார்ப்பதையும், பக்கத்தில் போய்க் கல் போடுவதையும் நிறுத்த வேண்டும். குழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது முப்பது அடி தள்ளிக் கம்பு நட்டு, முள்ளோ கம்பியோ கட்ட வேண்டும். ஆடு மாடுகளை அந்தப் பக்கம் மேய விடக் கூடாது. டிராக்டர் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு இடத்தைக் காட்டியே எச்சரிக்க வேண்டும்.

இனி, வீடியோவில் பார்த்த இடத்துக்குப் போவோம்.

சாக்கடல் ஓரத்தில் நடப்பது என்ன?

இஸ்ரேல், ஜோர்டான், பாலஸ்தீனம் ஆகியவற்றுக்கு நடுவே இருக்கும் உப்பு ஏரிதான் சாக்கடல். பெயரில் கடல் இருந்தாலும் அது ஏரிதான். ஜோர்டான் ஆறு அதில் வந்து விழுகிறது, வெளியே போக வழி கிடையாது. வந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்குகிறது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும் என்றால், சாக்கடல் நீரில் 340 கிராம் அளவுக்கு இருக்கிறது. விதைநெல்லைத் தேர்வு செய்ய உப்புக் கரைசலில் முட்டை மிதக்கும்வரை உப்பைப் போடுகிறோம் அல்லவா, அந்த முட்டையைப் போல அங்கே மனிதர்களே மிதக்கிறார்கள்.

ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஏரி ஒருமுறை வெகுவாகச் சுருங்கியது. அப்போது படிந்த உப்பு, பாறை போல இறுகிப் பாளமாகக் கிடந்தது. பிறகு ஏரி மறுபடி பெருகியபோது அதன்மேல் களிமண்ணும் சரளையும் படிந்தன. இன்றைய கரையோரத்தில் அந்த உப்புப் பாளம் தரைக்குக் கீழே 20 முதல் 50 மீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கிறது. அதாவது அந்தக் கரையில் நிற்கும் மரமும் வீடும் ரோடும் உப்பின் மேல் நிற்கின்றன. இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக அந்த உப்பு ஏன் கரையவில்லை? வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இதற்கு விடை சொல்லும்.

இரண்டு டம்ளர் சோதனை

இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு கலக்கினாலும் உப்பு கரையாமல் அடியில் தங்கும். அந்த நீர் உப்பில் நிறைந்துவிட்டது, இனி அதற்கு உப்பை ஏற்க இடமில்லை. இப்போது இரண்டு டம்ளரிலும் ஒவ்வொரு கல்லுப்புக் கட்டியைப் போடுங்கள். நல்ல தண்ணீரில் போட்ட கட்டி கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். உப்பு நிறைந்த நீரில் போட்ட கட்டி அப்படியே கிடக்கும்.

சாக்கடல் நிறைந்திருந்த காலத்தில் கரைக்கு அடியில் இருந்த உப்புப் பாளத்தைச் சுற்றிலும் அந்த இரண்டாவது டம்ளர் நீர்தான் இருந்தது. அந்த உப்பு நீரே பாளத்தைக் காத்து வந்தது. ஏரி பின்வாங்கியதும் கரைக்கு அடியில் இருந்த உப்பு நீரும் கூடவே பின்வாங்கியது. அது விட்டுப்போன இடத்துக்கு, மலைப்பக்கத்திலிருந்து இறங்கும் நல்ல நிலத்தடி நீர் வந்து சேர்ந்தது. நல்ல தண்ணீர் பட்டதும் உப்புப் பாளம் கரையத் தொடங்கியது. உள்ளே குகை போல வெற்றிடம் பெருகியது. மேலே இருக்கும் மண்கூரை ஒருநாள் தாங்காமல் உள்ளே விழுகிறது. மேலே நிற்பவருக்கு அது ஒரு நொடியில் விழுந்த குழி. கீழே பல வருஷமாக வேலை நடந்திருக்கிறது.

அங்கே இந்தக் குழிகள் 1980-களில் தலைகாட்டின. இன்று சாக்கடலின் மேற்கு ஓரத்தில் மட்டும் 6,000-க்கு மேல் இருக்கின்றன. சில 20 மீட்டருக்கும் மேல் ஆழமானவை. எய்ன் கெடி என்ற ஊரில் பேரீச்சந்தோப்பைக் கைவிட்டார்கள். ரோட்டின் ஒரு பகுதியை மூடினார்கள். கிழக்கே, ஜோர்டான் நாட்டின் கோர் ஹதீதா என்ற ஊரில் தக்காளி போட்டுப் பிழைத்த குடும்பங்கள், குழி விழுந்த வயல்களை அப்படியே விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஆற்றை மறித்தது ஓரிடம், குழி விழுந்தது ஓரிடம்

ஏரி ஏன் சுருங்கியது? வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. வெயில் அன்றும் இருந்தது. வரவேண்டிய தண்ணீர் நின்றதுதான் காரணம். 1964-இல் கலிலேயா ஏரியிலிருந்து குடிநீருக்கும் பாசனத்துக்கும் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய கால்வாய்த் திட்டத்தை இஸ்ரேல் தொடங்கியது. ஜோர்டான் ஆற்றில் கலக்கும் யார்முக் ஆற்றின் நீரை சிரியாவும் ஜோர்டானும் அணை கட்டியும் கால்வாய் வெட்டியும் எடுத்துக்கொண்டன. முன்பு சாக்கடலுக்கு வந்த ஆற்றுநீரில் இன்று பத்தில் ஒரு பங்குகூட வந்து சேர்வதில்லை. இது போதாதென்று, ஏரியின் தென்பகுதியில் பொட்டாஷ் எடுப்பதற்காக ஏரிநீரைப் பாத்தி கட்டி ஆவியாக்குகிறார்கள். 1960-களில் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 395 மீட்டர் கீழே இருந்த நீர்மட்டம், இன்று 430 மீட்டருக்கும் கீழே போய்விட்டது. இப்போது ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தண்ணீரை எடுத்தவர்கள் மேலே இருந்தவர்கள். வயலை இழந்தவர்கள் கரையோரத்தில் இருந்தவர்கள். எடுத்ததற்கும் இழந்ததற்கும் நடுவே ஏறக்குறைய இருபது வருஷம் ஓடிவிட்டது. அந்த இருபது வருஷமும் நிலம் மேலுக்கு நன்றாகத்தான் இருந்தது.

சுண்ணாம்புப் பாறையில்

உப்பைப் போல வேகமாக இல்லாவிட்டாலும், சுண்ணாம்புப் பாறையும் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரையும். துருக்கி நாட்டின் கொன்யா சமவெளியில் இதனால்தான் குழி விழுகிறது. மக்காச்சோளமும் சர்க்கரைக் கிழங்கும் விளைவிக்க ஆழ்குழாய்க் கிணறுகளைப் போட்டு, மழை நிரப்புவதைவிட அதிகமாக இறைத்தார்கள். பாறைக் குகைகளில் நிறைந்திருந்த தண்ணீர், மேலே இருக்கும் கூரைக்கு ஒரு முட்டுக்கொடுத்தது போல இருந்தது. தண்ணீர் இறங்கியதும் அந்த முட்டு போய்விட்டது. கரப்பினார் வட்டாரத்தில் வயல்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான குழிகள் விழுந்திருக்கின்றன. அதே பகுதியில் இருக்கும் துஸ் என்ற உப்பு ஏரி 2021 கோடையில் வற்றி, ஆயிரக்கணக்கான பூநாரைக் குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் 2015-ஆம் ஆண்டு இறுதியில் கனமழைக்குப் பிறகு சிந்தகொம்மதின்னெ மண்டலத்தில் நிலம் உள்வாங்கிப் பள்ளங்கள் விழுந்தன. அதுவும் சுண்ணாம்புப் பாறை நிலம்.

கிருஷ்ணகிரிப் பாறை எப்படிப்பட்டது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அடியில் இருப்பது கருங்கல். கிரானைட், நைஸ், சார்னோகைட் என்று நிலவியலாளர் பிரித்துச் சொல்லும் கடினப் பாறைகள். இவை தண்ணீரில் கரைந்து குகையாவதில்லை. அடியில் உப்புப் பாளமும் இல்லை.

வித்தியாசத்தைச் சமையலறையிலேயே பார்க்கலாம். கடப்பா கல் போட்ட மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தி, துடைக்காமல் விட்டால் அந்த இடம் வெளுத்துப் பொலிவிழந்துவிடும். அது சுண்ணாம்புக் கல். புளிப்பு அதை அரிக்கும். கிரானைட் மேடையில் அதே சாறு சிந்தினால் ஒன்றும் ஆகாது. நாகரசம்பட்டியின் அடியில் இருப்பது இந்தக் கிரானைட்டின் இனம்தான். ஆகவே போர் போட்டுத் தண்ணீர் எடுத்ததால் தோப்பே உள்ளே போய்விடும் என்ற பயம் இங்கே தேவையில்லை.

அப்படியானால் தோப்பில் விழுந்தது என்ன?

மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில், கல்தூண்கள் கிணற்றின் விளிம்பில்தான் நிற்கும். கல் இன்னும் நிற்கிறது, கிணற்றைக் காணோம் என்றால், கிணறு மண்ணுக்குள் இருக்கிறது என்று பொருள். போர் வந்த பிறகு வற்றிப்போன திறந்த கிணறுகளைப் பலர் மூடினார்கள். அந்த வேலையைக் கல்லும் மண்ணும் கொண்டு முறையாகச் செய்தவர்கள் குறைவு. தென்னை மட்டை, மரத்தூர், சருகு, பழைய சாக்கு என்று கையில் கிடைத்ததைப் போட்டு, மேலே நான்கு லோடு மண்ணைத் தள்ளிச் சமன் செய்துவிட்டார்கள். உள்ளே போட்டது வருஷம் போகப் போக மக்கி இறங்குகிறது. மேல்மண் மட்டும் கூரை போல நிற்கிறது. தொடர்மழையில் மண் ஊறிக் கனத்ததும் கூரை விழுகிறது. நிலம் கைமாறியிருப்பதால் இப்போதைய உரிமையாளருக்குக் கிணறு இருந்ததே தெரிந்திருக்காது.

இதை உறுதி செய்துகொள்ள மூன்று வழிகள் உண்டு. பக்கத்துக் கொல்லையில் இருக்கும் வயதானவர்களைக் கேட்பது முதல் வழி. இரண்டாவது, புலப்பட நகலை வாங்கிப் பார்ப்பது. பழைய கிணறுகள் பெரும்பாலும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய அடங்கலில் அந்தச் சர்வே எண்ணுக்குக் கிணற்றுப் பாசனம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது.

பாறை மாவட்டங்களில் திறந்த கிணறுகள் அகலமானவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். குழி ஐந்தடியாக இருந்தாலும் கிணற்றின் சுவர் இருபதடி தள்ளி இருக்கலாம். முப்பது அடிக்கு வேலி போடச் சொன்னது இதனால்தான்.

குழியை மூடும் முறை

யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. இது எல்லாவற்றிலும் முக்கியம். மக்கிய குப்பை இருக்கும் பழைய கிணற்றில் விஷவாயு தங்கியிருக்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் உயிரை விடுவது இப்படித்தான் நடக்கிறது.

ஆழத்தை வெளியிலிருந்தே தோராயமாகக் கணக்கிடலாம். வேலிக்கு வெளியே நின்றபடி வீசிய கல், குழி வாயைத் தாண்டியதிலிருந்து அடியில் விழும் சத்தம் கேட்க ஒரு விநாடி ஆனால் ஆழம் 16 அடி. ஒன்றரை விநாடி ஆனால் ஏறக்குறைய 36 அடி.

மழை நின்று மண் காய்ந்த பிறகு, பொக்லைனைத் தூரத்தில் நிறுத்தி, கையை நீட்டி, தொங்கிக்கொண்டிருக்கும் விளிம்பு மண்ணை உடைத்து உள்ளே தள்ள வேண்டும். அப்போது கிணற்றின் உண்மையான அகலம் தெரியும். பிறகு அடியில் பெரிய கற்கள், அதன்மேல் சிறிய கற்கள், அடுத்து ஜல்லி, அதற்கு மேல் மணல் அல்லது கிராவல், கடைசியாகத் தோட்டத்து மண் என்று அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். பெரியதிலிருந்து சிறியதற்கு வருவதால் மேல்மண் கல் இடுக்கில் ஒழுகி இறங்காது. மண்ணை ஒரே நாளில் கொட்டாமல், ஓரடி போட்டுத் தண்ணீர் விட்டு இறங்கவைத்து, அடுத்த ஓரடி போட வேண்டும். கடைசியில் சுற்றுத் தரையைவிட ஓரடி உயரமாக மேடு கட்டி, மழைநீர் அங்கே வந்து தேங்காமல் வாய்க்கால் பிரித்துவிட வேண்டும். மட்டை, சருகு, பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக் கூடாது. போனால் சில வருஷத்தில் அதே குழி மறுபடியும் விழும்.

செலவை முன்கூட்டியே கணக்குப் போடுவது நல்லது. 20 அடி விட்டமும் 15 அடி ஆழமும் உள்ள வெற்றிடத்தை நிரப்ப ஏறக்குறைய 47 யூனிட் பொருள் வேண்டும். குவாரிக் கழிவுக் கல் கிடைத்தால் அடி அடுக்குகளுக்கு அதுவே போதும். மூடிய இடத்தில் இரண்டு மழைக்காலம் போகும்வரை மரமும் வைக்கக் கூடாது, டிராக்டரும் ஓட்டக் கூடாது.

கிணற்றின் கல்கட்டு நன்றாக இருந்தால், மூடாமல் சுற்றுச்சுவர் எழுப்பி, வண்டல் வடிகட்டும் தொட்டி வைத்து, மழைநீரை உள்ளே விடும் கிணறாக மாற்றலாம். அதற்கு முன் வேளாண் பொறியியல் துறையினரை அழைத்து நேரில் காட்டுவது நல்லது.

பாறை விழாது, ஆனால் எச்சரிக்கையும் செய்யாது

வீடியோவில் சொன்னது இந்த நிலத்துக்குப் பொருந்தாது என்றாலும், அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது. கொன்யாவில் அளவுக்கு மீறி இறைத்ததை நிலம் குழி விழுந்து காட்டிக்கொடுத்தது. கருங்கல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. இங்கே தண்ணீர் இருப்பது பாறையின் மேல் இருக்கும் மக்கிய மண்ணிலும், பாறை வெடிப்புகளிலும் மட்டும்தான். மேல் வெடிப்பு வற்றினால் மோட்டாரை இன்னும் கீழே இறக்குகிறோம். அதுவும் வற்றினால் புதுப் போர் போடுகிறோம். தரை மேலே அப்படியே இருப்பதால், கீழே குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. பாறையில் நெடுநாள் தங்கிய நீரில் புளோரைடும் கூடும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

தென்பெண்ணை நந்திமலையில் பிறந்து, ஓசூரையும் கிருஷ்ணகிரி அணையையும் தாண்டித்தான் இந்தப் பக்கம் வருகிறது. மேலே எடுப்பதும் கலப்பதும் கீழே இருப்பவர் கையில் இல்லை. கையில் இருப்பது, தன் நிலத்தில் விழும் மழையை நிறுத்துவதும், ஏரிக்கும் குளத்துக்கும் வரும் வாய்க்காலை அடைக்காமல் காப்பதும், மாமரத்துக்குப் பாத்தி நிறையப் பாய்ச்சாமல் சொட்டுநீரில் விடுவதும்தான். மாதம் ஒருமுறை, மோட்டார் போடுவதற்கு முன் காலையில், கயிற்றில் கல் கட்டிக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதி வைக்கலாம். பாறை சொல்லாததை அந்த நோட்டு சொல்லும்.

இதையொட்டி வந்த இன்னும் இரண்டு கேள்விகள்

கேள்வி: மாமரத்துக்கு வைக்கும் பொட்டாஷ் சாக்கடலிலிருந்து வருகிறது என்கிறார்கள். நிலம் உப்பாகிவிடாதா?

பதில்: பயிருக்கு வேண்டிய பொட்டாஷை இந்தியா வெளிநாடுகளிலிருந்துதான் வாங்குகிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ் நாடுகளில் சுரங்கத்திலிருந்து எடுக்கிறார்கள். ஜோர்டானும் இஸ்ரேலும் சாக்கடல் நீரைப் பாத்திகளில் ஆவியாக்கி எடுக்கின்றன. எங்கிருந்து வந்தாலும் மூட்டையில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்பு சோடியம் குளோரைடு. மண்ணை இறுகச் செய்து கெடுப்பது சோடியம்தான். பரிந்துரைத்த அளவில் வைத்தால் மாந்தோப்பு உப்பாகாது. குளோரைடு ஒத்துக்கொள்ளாத புகையிலை போன்ற பயிருக்கு மட்டும் சல்பேட் ஆப் பொட்டாஷ் வைக்க வேண்டும். மண் பரிசோதனை செய்து, தேவையான அளவுக்கு மேல் வைக்காமல் இருப்பது பணத்துக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது.

கேள்வி: தண்ணீர் வராத போர் ஒன்று அப்படியே கிடக்கிறது. மேலே கல்லை வைத்து மூடினால் போதாதா?

பதில்: போதாது. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல், போர் போட்டபோது வந்த துகள் ஆகியவற்றால் நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டியிருக்கிறது. ஒரே மூச்சில் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு அடியில் வெற்றிடம் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி இறக்க வேண்டும். ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். பிறகு பயன்படுத்தலாம் என்று வைத்திருக்கும் போராக இருந்தால், கேசிங் குழாயின் வாயில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதைச் சுற்றித் தரைக்கு மேல் ஓரடியும் கீழே ஓரடியுமாகச் சிமென்ட் மேடை கட்ட வேண்டும். கேசிங் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் சுற்றியுள்ள மண் உள்ளே ஒழுகிக் குழி விழும் என்பதால், ஓடுகிற போரின் ஓரத்தையும் மழைக்குப் பிறகு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எந்தக் குழியிலாவது யாராவது விழுந்துவிட்டால் தாமாக இறங்காமல், உடனே 101 அல்லது 112 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.